714 படுக்கைகள், ஒரு டாக்டர்: முதியோர் மருத்துவத்தின் தாய் மார்ஜரி வாரன்!

பாட்டி நடக்கும்போது தள்ளாடினாலோ, தாத்தா சாப்பாட்டைக் குறைத்தாலோ நாம என்ன சொல்றோம்? வயசானா அப்படித்தான்னு சொல்லிட்டு மொபைலைப் பார்க்கப் போயிடுறோம். இந்தப் பதிலை ஏற்க மறுத்த ஒரு டாக்டர் இங்கிலாந்தில் இருந்தார். அவர்தான் மார்ஜரி வாரன்.

1897-ல் பிறந்தவர். பெண்கள் டாக்டராவதே அபூர்வமாக இருந்த காலத்தில் படித்து, 1926-ல் லண்டனின் மேற்கே உள்ள ஐல்வொர்த் பகுதி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். ஆபரேஷன் செய்வதிலும் ஆர்வம் இருந்தது. ஆனால், 1935-ல் அவர் பாதையே மாறியது. பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் வார்டுகள் இந்த ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்பட, 714 நோயாளிகள் அவர் பொறுப்பில் வந்தார்கள்.

உள்ளே போனால், வரிசையாகப் படுக்கைகள். பெரும்பாலும் வயதானவர்கள். பக்கவாதம் வந்தவர், கால் எலும்பு முறிந்தவர், ஞாபகம் தப்பியவர் எல்லோரும் ஒரே வார்டில். பலருக்கு என்ன நோய் என்றே சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. படுத்தே கிடந்ததால் நடக்க முடிந்தவர்களும் முடங்கிப்போயிருந்தார்கள்.

மார்ஜரி செய்த முதல் வேலை ரொம்ப சிம்பிள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். எழுந்து நடமாட முடிந்தவர்கள், படுக்கையில் இருந்தாலும் சிறுநீர், மலத்தை அடக்க முடிந்தவர்கள், அடக்க முடியாதவர்கள், அமைதியாகக் குழம்பியிருப்பவர்கள், மனநிலை முற்றிலும் பாதித்தவர்கள் என்று ஐந்து பிரிவாகப் பிரித்தார். பிறகு வார்டுக்கு வெளிச்சமான பெயின்ட், பிடித்து நடக்கக் கைப்பிடி, உட்கார நல்ல நாற்காலி, உடற்பயிற்சி எல்லாம் வந்தன. டாக்டர், நர்ஸ், பயிற்சியாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே டீமாக வேலை செய்தார்கள்.

ரிசல்ட்? பலர் எழுந்து நடந்து வீட்டுக்கோ, முதியோர் இல்லத்துக்கோ போனார்கள். 714 படுக்கைகள் தேவைப்பட்ட இடத்தில் 240 போதும் என்றானது.

1943-லும் 1946-லும் மருத்துவ இதழ்களில் தன் அனுபவத்தைக் கட்டுரைகளாக எழுதினார். முதியோருக்கென்று தனிப் பிரிவு வேண்டும் என்றும், மருத்துவ மாணவர்களுக்கு அதைப் பாடமாக்க வேண்டும் என்றும் வாதாடினார். 1947-ல் முதியோர் மருத்துவச் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 1960-ல் ஒரு கார் விபத்து அவர் உயிரைப் பறித்தது.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா?

முதுமைத் தளர்ச்சியை முன்கூட்டியே கண்டுபிடிக்க இன்று சின்னச் சின்னக் கேள்விப்பட்டியல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முதியவரையும் தனியாகப் பார்க்கணும் என்ற மார்ஜரியின் எண்ணம்தான் இவற்றின் அடியில் இருக்கிறது. ஆனால், பல பட்டியல்கள் வேறு ஊர் வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டவை. ஒரு பிளாக் தூரம் நடக்க முடியுதான்னு ஒரு கேள்வி உண்டு. அங்கே அது ஒரு தெருத்துண்டின் நீளம். நம்ம ஊரில் பிளாக்குன்னா ஃபிளாட் கட்டடம்! மாடிப்படி ஏற முடியுதான்னு இன்னொன்று. ஓட்டு வீட்டில் வாழும் பாட்டிக்கு மாடியே கிடையாது. சமைப்பீங்களான்னு கேட்டால், ஆயுசில் அடுப்படி பக்கமே போகாத தாத்தா இல்லைன்னுதான் சொல்வார். அது தளர்ச்சி இல்லை, பழக்கம்!

அதனால்தான் வெறும் மொழிபெயர்ப்பு போதாது. தமிழில் மாற்றியதை இன்னொருவர் மூல மொழிக்குத் திரும்ப மாற்றி ஒப்பிடணும். பிறகு முதியவர்களிடமே கேட்டு, அவங்க என்ன புரிஞ்சுக்கிட்டாங்கன்னு பார்க்கணும். பிளாக்குக்குப் பதில் தெருமுனைக் கடை வரைக்கும்னு கேட்கலாம். எடை தெரியாதவரிடம் ஜாக்கெட் லூஸாயிடுச்சா, வளையல் கழண்டு விழுதான்னு கேட்கலாம். மாற்றிய கேள்வி சரியாகக் கணிக்குதான்னு சோதித்த பிறகே பயன்படுத்தணும். தப்பான கேள்வி, நல்லா இருக்கிறவரைப் பலவீனமானவர்னு காட்டும். உதவி தேவைப்படுபவரைத் தவறவிடும்.

இன்னைக்கே உங்க பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. போன வருஷம் சுலபமா செஞ்ச எந்த வேலை இப்போ கஷ்டமா இருக்குன்னு. பதில் ஏதாவது வந்தால், வயசானா அப்படித்தான்னு விடாதீங்க. டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க!