சத்திரக்காரர் மகன் வெர்டி

இத்தாலி நாட்டில் வெரோனா என்று ஒரு நகரம். ஊரின் நடுவே, முட்டை வடிவத்தில் மிகப் பெரிய கல் அரங்கம் ஒன்று இருக்கிறது. ரோமானியர்கள் அதைக் கட்டி ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் ஆகின்றன. வீரர்கள் வாள் சண்டை போட, மக்கள் கல் படிகளில் அமர்ந்து வேடிக்கை பார்த்த இடம் அது. 1117-ல் வந்த நிலநடுக்கத்தில் அதன் வெளிச்சுவர் சரிந்தது. அதில் இன்று மிச்சம் நான்கே வளைவுகள்தான். உள்ளே இருக்கும் படிகளோ அசையாமல் நிற்கின்றன.

கோடைக்காலம் வந்துவிட்டால் பல நாடுகளிலிருந்தும் சுற்றுலாக் குழுக்கள் வெரோனாவுக்கு வந்து இறங்கும். பகலில் வழிகாட்டியின் பின்னால் நடந்து தேவாலயங்களையும் பாலங்களையும் பார்ப்பார்கள். ஜூலியட்டின் வீடு என்று ஒரு பழைய வீட்டைக் காட்டுவார்கள். ஜூலியட் வெறும் கதாபாத்திரம்தான். ஆனாலும் அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை!

இரவு வந்ததும் எல்லோரும் கல் அரங்கத்துக்குப் போவார்கள். அங்கே ஓபரா நடக்கும். ஓபரா என்றால், கதை முழுவதையும் பாடியே நடிக்கும் நாடகம். மேலே கூரை கிடையாது, வானம்தான். மழை வந்தால் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டம் தொடங்கும் முன் கையில் சின்னச் சின்ன மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்துக்கொள்வது அங்கே நெடுங்காலப் பழக்கம்.

இந்தத் திறந்தவெளி ஓபரா 1913 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கியது. ஒரு மனிதரின் நூறாவது பிறந்த ஆண்டைக் கொண்டாடுவதற்காக, அவர் இசையமைத்த 'அயீடா' என்ற ஓபராவை மேடையேற்றினார்கள். அந்த மனிதர் ஜுசெப்பே வெர்டி. அவருடைய கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

லெ ரோன்கோலே என்ற குக்கிராமத்தில், 1813 அக்டோபரில் வெர்டி பிறந்தார். அப்பா அங்கே ஒரு சிறிய சத்திரம் நடத்தினார். அம்மா நூல் நூற்பவர். அப்போது இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது. பல துண்டுகளாகக் கிடந்தது. வெர்டி பிறந்த பகுதி நெப்போலியனின் பிடியில் இருந்தது. அதனால் குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் பிரெஞ்சு மொழியில் எழுதினார்கள். இத்தாலியின் பெருமைக்குரிய இசைமேதையின் பிறப்புப் பதிவு இத்தாலிய மொழியில் இல்லை!

சிறுவன் வெர்டிக்கு இசை என்றால் உயிர். சத்திரக்காரர் எப்படியோ பணம் சேர்த்து, ஸ்பினெட் என்ற பழைய இசைக்கருவி ஒன்றை மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். பியானோவுக்குத் தாத்தா முறை என்று ஸ்பினெட்டைச் சொல்லலாம். ஒருநாள் இனிமையான ஒலி ஒன்று அவன் விரல்களில் கிடைத்ததாம். மறுநாள் எவ்வளவு முயன்றும் அது திரும்ப வரவில்லை. கோபத்தில் சுத்தியலை எடுத்துக் கருவியையே அடித்துவிட்டான் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஸ்பினெட் பழுதானது உண்மை.

அதைச் சரிசெய்ய 1821-ல் கவல்லெத்தி என்பவர் வந்தார். உள்ளிருந்த பாகங்களுக்குப் புதுத் தோல் போட்டார். மிதிகட்டைகளும் பொருத்தினார். கூலி கேட்கவில்லை. இந்தச் சிறுவன் கற்றுக்கொள்வதில் காட்டும் ஆர்வமே தனக்குப் போதும், அதனால் பணம் வாங்காமல் செய்தேன் என்று எழுதிக் கருவிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது வெர்டிக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. வெர்டி அந்த ஸ்பினெட்டைக் கடைசிவரை விட்டுவிடவில்லை.

பிறகு பக்கத்தில் உள்ள புஸ்ஸேத்தோ என்ற சிற்றூருக்குப் படிக்கப் போனான். ஞாயிறுதோறும் சுமார் 5 கிலோமீட்டர் நடந்து வந்து, சொந்தக் கிராமத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தான். புஸ்ஸேத்தோவில் பரேஸ்ஸி என்ற வணிகர் அவனுடைய திறமையைக் கண்டுகொண்டார். வீட்டில் தங்க இடம் கொடுத்து, மேற்படிப்புக்காக மிலன் நகருக்கும் அனுப்பி வைத்தார்.

1832-ல் மிலன் இசைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் வெர்டி தோற்றுப்போனார். வயது 18 ஆகிவிட்டது, பியானோவில் கை வைக்கும் முறை சரியில்லை, வேற்று நாட்டுக்காரர், இடமும் இல்லை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். வேற்று நாடு என்றது எதை? அவர் ஊர் இருந்த பார்மா சிற்றரசைத்தான்! பரேஸ்ஸி மனம் தளரவில்லை. மிலனிலேயே தனி ஆசிரியரிடம் படிக்கச் செலவு செய்தார். அந்த இசைப் பள்ளிக்கு இன்று வெர்டியின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

1836-ல் பரேஸ்ஸியின் மகள் மார்கெரீத்தாவை வெர்டி மணந்தார். ஒரு பெண், ஒரு பையன் என இரண்டு குழந்தைகள். 1838-ல் பெண் குழந்தை இறந்தது. அடுத்த ஆண்டு பையன். 1840-ல் மார்கெரீத்தாவும் நோயில் இறந்துபோனார். இரண்டே ஆண்டுகளுக்குள் வீடு வெறுமையாகிவிட்டது. அந்த நேரத்தில் அவர் ஒப்புக்கொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? ஒரு நகைச்சுவை ஓபராவுக்கு இசையமைப்பது. எப்படியோ எழுதி முடித்தார். மிலனின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கில் முதல் நாளே ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். ஒரே ஆட்டத்தோடு அது நின்றது. இனி இசையமைப்பதே இல்லை என்று வெர்டி முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 26.

அரங்கின் நிர்வாகி மெரெல்லி விடவில்லை. ஒரு புதிய கதைப் பிரதியைக் கட்டாயப்படுத்திக் கையில் திணித்து அனுப்பினார். வீட்டுக்கு வந்த வெர்டி அதை மேஜைமேல் வீசினார். விழுந்த வேகத்தில் ஒரு பக்கம் திறந்துகொண்டது. பாபிலோனில் அடிமைகளாகக் கிடக்கும் யூதர்கள் தாய்நாட்டை நினைத்துப் பாடும் பாட்டு அந்தப் பக்கத்தில் இருந்தது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. இதைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதுதான் 'நபுக்கோ'. 1842 மார்ச் 9 அன்று லா ஸ்காலாவில் அரங்கேறியது. பெரும் வெற்றி! அதே ஆண்டின் பிற்பகுதியில் மட்டும் 57 முறை மேடையேறியது. மிலன் அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. அந்த அடிமைகளின் பாட்டு தங்களுக்காகவே எழுதப்பட்டது என்று இத்தாலியர்கள் பின்னாளில் உணர்ந்தார்கள். 1861-ல் இத்தாலி ஒரே நாடானபோது, முதல் நாடாளுமன்றத்தில் வெர்டியும் ஓர் உறுப்பினர்!

அதன்பின் வெற்றிமேல் வெற்றி. 1851-ல் வெனிஸ் நகரில் 'ரிகொலெத்தோ' அரங்கேறியது. அதில் வரும் ஒரு பாட்டின் மெட்டைக் கடைசி நேரம்வரை பாடகரிடமே காட்டாமல் மறைத்து வைத்தாராம். முன்னாலேயே கசிந்தால் வெனிஸின் படகோட்டிகள் எல்லோரும் பாடித் தீர்த்துவிடுவார்கள் என்ற பயம்!

எகிப்துக்காக எழுதியதுதான் 'அயீடா'. ஆடைகளும் திரைச்சீலைகளும் பாரிஸில் தயாராயின. அந்த நேரம் பார்த்துப் போர் மூண்டு, பாரிஸ் முற்றுகையில் சிக்கியது. பெட்டிகள் வெளியே வர முடியவில்லை. ஒருவழியாக 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் அரங்கேறியது.

இந்த 'அயீடா'வால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பெர்த்தானி என்பவர் ரயிலேறிப் பார்மா நகருக்குப் போய் அதைப் பார்த்தார். பிடிக்கவில்லை. எல்லோரும் புகழ்கிறார்களே என்று இன்னொரு முறையும் போய்ப் பார்த்தார். அப்போதும் பிடிக்கவில்லை! ரயில் கட்டணம், டிக்கெட், இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 31 லிரா 80 காசு கொடுங்கள் என்று வெர்டிக்கே கடிதம் எழுதிவிட்டார். வெர்டி கோபப்படவில்லை. 27 லிரா 80 காசு கொடுக்கச் சொன்னார். சாப்பாட்டுக்கு உரிய 4 லிராவை மட்டும் கழித்துக்கொண்டார். வீட்டிலேயே சாப்பிட்டிருக்கலாமே என்பது அவர் கணக்கு. இனிமேல் என்னுடைய புதிய ஓபரா எதற்கும் வரமாட்டேன் என்று எழுதி வாங்கவும் சொன்னார்!

ஊர்ப்பக்கம் நிலம் வாங்கி விவசாயமும் பார்த்தார் வெர்டி. அந்தப் பகுதி மக்களுக்காக ஒரு மருத்துவமனை கட்டினார். 79 வயதில் 'ஃபால்ஸ்டாஃப்' என்ற நகைச்சுவை ஓபராவுக்கு இசையமைத்தார். இளமையில் கூச்சல் வாங்கித் தந்த அதே வகை, அதே லா ஸ்காலா அரங்கு. இந்த முறை கைத்தட்டல்!

வயதாகிக் குரல் போன பாடகர்களும், விரல் நடுங்கும் வாத்தியக்காரர்களும் வறுமையில் வாடுவதைப் பார்த்தார் வெர்டி. மிலனில் அவர்களுக்காக ஒரு பெரிய இல்லம் கட்டினார். தன் ஓபராக்களிலிருந்து வரும் பணத்தை அதற்கே எழுதி வைத்தார். தான் செய்தவற்றிலேயே சிறந்தது எது என்றால் இந்த வீட்டைத்தான் சொல்வார். கட்டடம் 1899-லேயே தயாராகிவிட்டது. ஆனால், தான் இறந்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும் என்றார். யாரும் தன்னிடம் வந்து நன்றி சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாதாம்.

1901 ஜனவரியில் மிலனில் ஒரு ஹோட்டலில் வெர்டி நோயில் படுத்தார். குதிரைக் குளம்புச் சத்தம் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று தெருவில் வைக்கோல் பரப்பினார்கள் மக்கள். ஜனவரி 27 அன்று உயிர் பிரிந்தது. இசை இல்லாமல், ஆடம்பரம் இல்லாமல் அடக்கம் செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். அப்படியே செய்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர் உடலை அந்த இல்லத்துக்கு மாற்றியபோது நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து, அவரைத் திரும்ப எழுத வைத்த 'நபுக்கோ' பாட்டைப் பாடினார்கள்.

1902 அக்டோபர் 10 அன்று முதல் இசைக்கலைஞர்கள் அந்த இல்லத்தில் குடியேறினார்கள். இன்றும் முதிய கலைஞர்கள் அங்கே வாழ்கிறார்கள். இசை படிக்கும் இளைஞர்கள் சிலரும் அவர்களோடு தங்குகிறார்கள். வெர்டியின் கல்லறையும் அங்கேதான். கவல்லெத்தி கூலி வாங்காமல் சரிசெய்து கொடுத்த அந்த ஸ்பினெட்டும் மிலன் நகரில்தான் பத்திரமாக இருக்கிறது.