டாக்டர் இராதாகிருஷ்ணனின் மாணவப் பருவம்

டோம்பிவிலியில் ரயிலேறிக் கல்லூரிக்குச் செல்லும் நம்மில் பலருக்கு ஓர் அனுபவம் பொதுவானது. அண்ணனோ அத்தை மகனோ படித்து முடித்த புத்தகங்கள் வீட்டில் கிடக்கும். அவை வீணாவானேன் என்று பெரியவர்கள் நம்மையும் அதே பாடத்தில் சேர்த்துவிடுவார்கள். நான் உளவியல் மாணவனான கதையும் ஏறக்குறைய இதுதான். ஆகவே டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் இளமைக் காலத்தைப் படித்தபோது எனக்கு வியப்போடு ஆறுதலும் உண்டாயிற்று.

அன்னார் 1888 செப்டம்பர் 5-ல் திருத்தணியில் பிறந்தவர். தந்தையார் வீராசாமிக்குச் சொற்ப வருவாய், குடும்பமோ பெரிது. உதவித் தொகைகளே பையனைப் படிக்க வைத்தன. திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று கல்வி முழுவதும் பெரும்பாலும் கிறிஸ்தவர் நிறுவனங்களிலேயே நடந்தது. இன்று தாம்பரத்தில் உள்ள கிறிஸ்தவக் கல்லூரி 1937 வரை சென்னை உயர்நீதிமன்றத்தை அடுத்த வீதியில் இருந்தது.

அங்கே எந்தப் பாடத்தை எடுப்பது? இளைஞருக்குத் திட்டமான விருப்பம் எதுவும் இல்லை. அப்போது பட்டம் பெற்று வெளியேறிய உறவினர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொடுத்தார். ஸ்டவுட் எழுதிய மனோதத்துவ நூல், வெல்ட்டனின் தர்க்க நூல், மெக்கன்சியின் ஒழுக்கவியல் நூல் ஆகியவை அவை. விலையின்றி வந்த புத்தகங்கள் பாடத்தை முடிவு செய்துவிட்டன! மனோதத்துவம் எனப்பட்ட உளவியல் அந்நாளில் தனிப் பாடமன்று. தத்துவம் பயில்வோர் தர்க்கத்தோடும் ஒழுக்கவியலோடும் சேர்த்து அதையும் கற்றார்கள். சோதனைக் கூடம் கிடையாது. கவனம் எவ்வாறு குவிகிறது, புலன் வழி வந்தது எவ்வாறு அறிவாகிறது என்பவற்றை நூலைக் கொண்டும் தம் உள்ளத்தைத் தாமே உற்று நோக்கியும் அறிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அவருடைய உள்ளத்திலேயே ஒரு போராட்டம் மூண்டது. மிஷனரி ஆசிரியர்கள் நல்ல படிப்பாளிகள். இந்து சமயத்தின் மீது கடுமையான கேள்விகளையும் தொடுத்தார்கள். உலகமே மாயை என்னும் வேதாந்தத்தில் நல்லொழுக்கத்துக்கு இடமேது என்பது அவற்றுள் ஒன்று. வீட்டில் பூசையும் விரதமுமாக வளர்ந்த பிள்ளைக்கு இது உறுத்தாதா? உறுத்தியது, நம்பிக்கையே ஆட்டம் கண்டது. விவேகானந்தரின் எழுத்து அவருக்குத் தெம்பூட்டியது. எனினும் அவர் கல்லூரியை வெறுத்து வெளியேறவில்லை. கேள்வியையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கொண்டார். எம்.ஏ. பட்டத்துக்கு வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1908-ல் நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபது.

பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் இதனால் மனம் புண்படுவாரோ என்று மாணவர் அஞ்சினார். ஹாக் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்தவர். சமய விஷயத்தில் உறுதியான கொள்கை உடையவர். அவரோ அந்த ஆய்வுரையை மனமாரப் பாராட்டி நற்சான்று வழங்கினார். மாணவரின் துணிவு பெரிதா, ஆசிரியரின் நேர்மை பெரிதா என்று கேட்டால், நான் ஆசிரியர் பக்கம்தான் சற்றுச் சாய்வேன்.

1909-ல் இராதாகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்குப் பயிற்சிக்காகச் சென்றார். பயிற்சிக்குப் போனவர் தம்மோடு பயின்றவர்களுக்கே மனோதத்துவச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்! அவற்றின் பயனாக 1912-ல் மனோதத்துவத்தின் அடிப்படைகளைப் பற்றி அவருடைய சிறு ஆங்கில நூல் வெளிவந்தது. இலவசமாக வந்த ஸ்டவுட் வீண்போகவில்லை.

1916-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நாட்டிலேயே முதன்முதலாக உளவியலுக்கெனத் துறை கண்டது. 1921-ல் அதே பல்கலைக்கழகத்துக்கு அவர் சென்றபோது தத்துவப் பேராசிரியராகவே சென்றார். உளவியல் அதற்குள் தனிக்குடித்தனம் போய்விட்டிருந்தது. பிறகு ஆக்ஸ்போர்டு; 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர் பதவி; 1975 ஏப்ரல் 17-ல் சென்னையில் மறைவு. இவை யாவரும் அறிந்தவை. செப்டம்பர் 5-ல் ஆசிரியர் தினம் கொண்டாடும் மேடைகளில் அவருடைய தத்துவ நூல்களைப் பற்றி நிறையக் கேட்கிறோம். 1912-ல் வந்த அந்தச் சிறு நூலின் பெயரைச் சொல்ல நான் இதுவரை ஒருவரையும் கேட்டதில்லை.