காந்தியடிகளும் நாள்தவறா நடையும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்னும் பழமொழியை அறியாதார் எம்மவருள் இல்லை. அறிந்திருந்தும் சுவரைப் பேணுவார் சிலரே. தைப்பொங்கல் கழிந்த மறுநாள் தேகாப்பியாசம் தொடங்கும் வாலிபர் பலரை நாம் காண்கிறோம். சிவராத்திரி வருமுன்னரே அவருட் பெரும்பாலோர் ஓய்ந்துவிடுகின்றனர். தொடங்குவதற்கு உற்சாகம் ஒன்றே போதும். தொடர்வதற்கு வேண்டுவது யாது? இதற்கு விடை தேடுவோர் காந்தியடிகளின் சரித்திரத்தை நோக்குதல் நன்று. பாரத நாட்டின் விடுதலைத் தலைவராக உலகம் போற்றும் அப்பெரியார், நடத்தல் என்னும் எளிய நியமத்தை இளமை முதல் இறுதி வரை காத்தவருமாவர்.

மோகனதாஸ் காந்தி 1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் குஜராத்திலுள்ள போர்பந்தரிற் பிறந்தார். கூச்ச சுபாவமுள்ள சிறுவர். ராஜ்கோட்டில் அவர் கற்ற பாடசாலையின் தலைமையாசிரியர் தேகாப்பியாசத்தையும் கிரிக்கெட் விளையாட்டையும் மேல்வகுப்பு மாணவருக்குக் கட்டாயமாக்கினார். மோகனதாசருக்கு அவற்றில் விருப்பம் சிறிதுமில்லை. பாடசாலை விட்டதும் வீடு சென்று, நோயுற்றிருந்த தந்தையாருக்குப் பணிவிடை செய்யவே அவர் மனம் நாடியது. கல்விக்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பில்லை என்று அக்காலத்தில் எண்ணியதைப் பிற்காலத்தில் அவரே பிழையெனக் கண்டார். ஆயினும், திறந்த வெளியில் நெடுந்தூரம் உலாவுதலின் நன்மையை நூல்களிற் படித்து, மாணவப் பருவத்திலேயே நடக்கப் பழகிக்கொண்டார். பிறவியிலே பலசாலியாக வந்தவரல்லர் அவர் என்பதை நம் வாலிபர் மனத்திற் கொள்ளவேண்டும்.

1888இல் சட்டம் பயிலுதற்கு இலண்டன் சென்றார். தமையனார் அனுப்பும் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்தது. ஆகவே, போகவேண்டிய இடங்களுக்கு அரைமணி நேரத்தில் நடந்து செல்லக்கூடிய இடத்தில் அறை எடுத்துக்கொண்டார். வண்டிச்செலவு மிஞ்சியது, நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடையும் கிடைத்தது. அந்தக் குளிர் நாட்டில் நோயின்றி வாழ்ந்ததற்கு இந்நடையே காரணம் என்று அவர் கருதினார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நடைக்கென்று தனியாக ஒரு நேரத்தைத் தேடி அவர் அலையவில்லை. அன்றாட அலுவலோடு அதனைப் பிணைத்துவிட்டார். அலுவல் உள்ளவரை நடையும் நின்றது.

தென்னாபிரிக்காவிலும் இவ்வழியையே கைக்கொண்டார். 1910இல் ஜொகன்னஸ்பேர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் பல. சொந்த அலுவலாக நகரத்துக்குச் செல்வோர் நடந்தே போகவேண்டும் என்பது பண்ணையின் விதி. பின்னிரவில் எழுந்து, வீட்டிற் செய்த உணவைக் கட்டிக்கொண்டு புறப்படுவர். காந்தியடிகளும் அவ்வாறே நடந்தார். தோட்டவேலை, தச்சுவேலை, செருப்புத் தைத்தல் ஆகியன அங்கிருந்தோருக்கு வேறொரு தேகாப்பியாசத்தைத் தேவையற்றதாக்கின.

இத்தகையவரும் ஒருமுறை தவறியதுண்டு. 1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்தபோது நிலக்கடலையையும் எலுமிச்சையையுமே பெரிதும் உணவாகக் கொண்டு உடலைக் கெடுத்துக்கொண்டார். வயிற்றுளைவு கண்டிருந்த வேளையில், ஒரு பண்டிகை நாளன்று நாவின் சுவைக்கு இணங்கி வேண்டுமளவுக்கு மேல் உண்டார். நோய் முற்றியது. மரணம் நெருங்கியதென்றே எண்ணினார். பாலுண்பதில்லை என்ற விரதம் தடையாக நின்றது. விரதம் பசுவின் பாலையும் எருமைப்பாலையும் பற்றியதே என்று கஸ்தூரிபாய் அம்மையார் எடுத்துக்காட்ட, ஆட்டுப்பால் அருந்தித் தேறினார். விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளை விட்டோமே என்ற வருத்தம் அவரை நெடுநாள் வாட்டியது. அவர் செய்த உணவுப் பரிசோதனைகள் யாவும் நாம் பின்பற்றத்தக்கன என்று கூறமாட்டோம். தவறிய பின் மனமொடிந்து நியமத்தை முற்றாகக் கைவிடாமல், உடல் தேறியதும் மீண்டும் பற்றிக்கொண்டாரே, அதுவே நாம் கற்கவேண்டிய பாடம்.

1927இன் முற்பகுதியில் இரத்த அழுத்தம் மிகுந்து விழுந்தார். வைத்தியர் சொற்கேட்டு மைசூர் நாட்டு நந்தி மலையில் ஓய்ந்திருந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே, யாழ்ப்பாணத்து வாலிபர் அமைத்திருந்த மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்று எம் மண்ணில் அடிவைத்தார். நோயினின்றெழுந்து சில மாதங்களே ஆன அந்த உடலைத்தான் எம் முன்னோர் கண்டனர்.

மூன்றாண்டு செல்லவில்லை, 1930 மார்ச் 12இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகச் சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டார். வயதோ 60 கடந்துவிட்டது. ஏறக்குறைய 240 மைலை 24 நாளில் நடந்து முடித்தார். அவருக்கென ஒரு குதிரை உடன் சென்றது; அவர் அதில் ஏறவில்லை. இளந்தொண்டர் சிலர் கால் கொப்புளித்துத் தளர்ந்தபோதும் கிழவரின் நடை தளரவில்லை. விடியுமுன் எழுதல், பிரார்த்தனை, வெயில் ஏறுமுன் நடை, நூல்நூற்றல், நாட்குறிப்பு எழுதுதல் ஆகியவற்றில் ஒன்றும் குறையவில்லை. வட்டமேசை மகாநாட்டுக்காக 1931இல் இலண்டன் சென்றபோதும், தொழிலாளர் வாழும் பகுதியில் தங்கி, அதிகாலையில் அத்தெருக்களிலே நடந்தார். சிறைவாசத்திலும் நடையை விட்டாரில்லை.

வங்காளத்து நவகாளியிலே மதக்கலவரத்தால் மக்கள் துயருற்றபோது, 1947 ஜனவரியில் 77 வயது முதியவராய் வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்தார். அங்கு வாய்க்கால்களின் குறுக்கே மூங்கிற் பாலங்களே இருந்தன. யாத்திரைக்கு முன்பே அவற்றின்மேல் நடந்து பழகிக்கொண்டார். இளமையிற் சேர்த்த நடைச்செல்வம் முதுமையிற் பிறர் கண்ணீரைத் துடைக்க உதவியது. 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலையிலும் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதே என்று விரைந்து நடந்துகொண்டிருந்தபோதே குண்டடிபட்டு வீழ்ந்தார்.

வாலிப அன்பர்களே! எமது காரைநகரில் நடக்க இடமில்லை என்று எவரும் சொல்லமுடியாது. பொன்னாலைப் பாலத்திற் கடற்காற்று வீசுகிறது. கசூரினாக் கடற்கரையில் மணல் விரிந்து கிடக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு ஈழத்துச் சிதம்பரத்தை நடந்தே சென்று தரிசித்தவர்கள் எமது பாட்டன்மார். இன்றோ வலந்தலைச் சந்திக்குப் போவதற்கும் மோட்டார் சைக்கிளைத் தேடுகிறோம். குரக்கனும் முருங்கையிலையும் வீட்டிலிருக்கக் கடைப்பண்டத்தை நாடுகிறோம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நடுவயதிலேயே கதவைத் தட்டுகின்றன.

பெரிய சபதம் வேண்டாம். கடைக்கோ கோயிலுக்கோ வாசிகசாலைக்கோ நாள்தோறும் செல்லும் ஒரு வழியை நடைக்கென்று ஒதுக்குவோம். மழையாலோ நோயாலோ ஒருநாள் தவறினால் மறுநாள் மீண்டும் தொடங்குவோம். குடும்பத்துக்கும் ஊருக்கும் நாம் செய்யவிருக்கும் பணிகள் பல. அவற்றைச் செய்ய இந்த உடம்பு வேண்டும். காந்தியடிகள் காட்டிய வழியிலே நாளைக் காலையே அடியெடுத்து வைப்போமாக!