வண்டியை விற்கும் முன் ஜி.டி.நாயுடுவைத் தெரிஞ்சுக்கோங்க!

திருப்பூர் காங்கேயம் ரோட்டில், நல்லூர் பக்கம் காலை 7 மணிக்கு ஒருநாள் நின்று பாருங்கள். நிட்டிங் கம்பெனியிலிருந்து துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், அப்புறம் கட்டிங், செக்கிங், பேக்கிங்னு அதே வண்டி நாள் முழுக்க ஊரைச் சுற்றும். ஒருநாள் வண்டி படுத்துவிட்டால் அன்றைய வாடகை போச்சு. ஷிப்மென்ட் நேரத்தில் படுத்தால் அந்தக் கம்பெனியே கையைவிட்டுப் போச்சு. அதனால், மூன்று லட்சம், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு இங்கே தனி மரியாதை.

எங்க வீட்டு கார் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியபோது, வித்துடலாமான்னு கேட்கத்தான் நல்லூரில் ஒரு ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் பதிலே சொல்லவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்ட் துணியில் துடைத்து, தார் மாதிரி இருந்த ஆயிலைக் காட்டினார். கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஷெட் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஜி.டி.நாயுடு.

பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கோவை அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான். அதற்கு மேல் நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப் ஃபார்வர்டுதான். ஹிட்லரைச் சந்தித்தார், அதைக் கண்டுபிடித்தார், இதைக் கண்டுபிடித்தார் என்று வருடத்துக்கு ஒரு கதை கூடிக்கொண்டே போகிறது. அதையெல்லாம் விடுங்க. ஒரு மெக்கானிக் ஷெட்டில் அவர் படம் ஏன் தொங்குதுன்னு மட்டும் பார்ப்போம்.

மண்ணெண்ணெயும் துணியும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23, கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில். படிப்பு ஏறவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு டாட்டா. அந்த ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை இது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வரும்போது, வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. அவர் கேட்டது கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு துணி. எடுத்துக் கொடுத்த பையன் நகராமல் பக்கத்திலேயே நின்றான். பாகங்களைக் கழற்றி, அழுக்கைத் துடைத்து, திரும்ப மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. குதிரை, மாடு எதுவும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதே அதிசயம். நின்றுபோன வண்டி, துடைத்ததும் உயிர் பெறுவது அதைவிடப் பெரிய அதிசயம் இல்லையா?

அந்த பைக் மேல் பையனுக்குப் பைத்தியம். கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். மூன்று வருடம் போல காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே வாங்கினார். நாமாக இருந்தால் முதலில் செல்ஃபி, அப்புறம் ஊட்டி ட்ரிப். அவர் செய்தது வேறு. வாங்கிய வண்டியை நட்டு நட்டாகக் கழற்றினார். திரும்ப மாட்டினார். எந்த காலேஜும் இல்லாமல் ஒரு எஞ்சினியர் உருவானது அப்படித்தான்.

திருப்பூரில் சம்பாதித்தார், பம்பாயில் விட்டார்

இந்த இடத்தில் நம்ம ஊர் வருகிறது. முதல் உலகப்போர் காலத்தில் நாயுடு திருப்பூருக்கு வந்து பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். அப்போது பனியன் கம்பெனிகள் கிடையாது, எல்லாம் பஞ்சுதான். நல்ல காசு பார்த்தார். கையில் பணம் சேர்ந்ததும் பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் பஞ்சு வியாபாரம் செய்தார். அங்கே போட்டதெல்லாம் போய்விட்டது. ஷேர் மார்க்கெட்டில் கையைச் சுட்டுக்கொண்ட நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருந்தால், அந்த முகம் எப்படி இருக்கும்னு தெரியும்.

திரும்பி வந்தவர் மறுபடியும் வண்டிப் பக்கமே போனார். கோவையின் பெரிய தொழிலதிபரான ராபர்ட் ஸ்டேன்ஸ் பண உதவி செய்ய, 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சி - பழனி ரூட். டிரைவரும் அவரே. நடுவில் உடுமலை, மடத்துக்குளம்னு இன்றைய திருப்பூர் மாவட்டத்தை முழுசா குறுக்கே வெட்டிப் போகிற சுமார் 60 கிலோமீட்டர் பாதை அது.

அந்தக் காலத்து ரோட்டை நினைத்துப் பாருங்கள். தார் கிடையாது. புழுதி எஞ்சினுக்குள் போகும், குலுக்கலில் நட்டு தளரும், கொங்கு நாட்டு வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும். பார்ட்ஸ் எல்லாம் கப்பலில் வரவேண்டும். வழியில் ஒரு பேரிங் போனால் போன் போட்டு ஆர்டர் பண்ண முடியாது. ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பிழைப்பவருக்கு, அது நாளைக்கும் ஓட வேண்டும் என்பதுதான் ஒரே கவலை. இன்றைக்கு நல்லூரில் கடன் போட்டுக் குட்டியானை வாங்கியவரின் கவலையும் அதேதான்.

அந்த ஒற்றை பஸ் பெருகி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. ஊர்க்காரர்களுக்கு யு.எம்.எஸ். 1933-ல் அதனிடம் 280 பஸ்கள் இருந்தன. ஒரு பஸ்ஸை நேசித்து ஓட்டுவது ஒரு விஷயம், 280 பஸ்களை அதே அக்கறையோடு ஓட வைப்பது வேறு. ஒரு ஆள் எல்லா எஞ்சின் சத்தத்தையும் கேட்க முடியாதே! அதனால், தன் காதுக்குத் தெரிந்ததைக் கருவியாக்கினார். எஞ்சின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவி செய்தார். டிக்கெட் கொடுக்க ஒரு மெஷின். நேரம் விஷயத்தில் மனிதர் ரொம்ப கறார்.

அந்த அதிர்வுக் கருவிதான் எனக்கு அவரோட கண்டுபிடிப்புகளிலேயே பிடித்தது. ஏன்னா, வண்டி திடீர்னு எல்லாம் சாகாது. முதலில் லேசாக நடுங்கும். மவுன்ட் ரப்பர் தேய்ந்தாலும், பேரிங் லூசானாலும், ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் அது அதிர்வாகத்தான் வெளியே வரும். அந்தக் கட்டத்தில் பார்த்துவிட்டால் சில நூறு ரூபாய். பாட்டை சத்தமாக வைத்துக்கொண்டு இன்னும் ஆறு மாதம் ஓட்டினால் எஞ்சினையே இறக்கவேண்டி வரும். நான் இரண்டாவது ரகம்னு ஒத்துக்கிறேன்.

உலக சாதனை வண்டியும் இதே கதைதான். அமெரிக்காவில் அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன், 1966-ல் ஒரு வால்வோ பி1800 கார் வாங்கினார். 2013-ல் அது 30 லட்சம் மைலைத் தொட்டது. நம்ம கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர்! ரகசியம்னு அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. கம்பெனி கொடுத்த மேனுவல்படி நேரத்துக்கு ஆயில், நேரத்துக்கு சர்வீஸ், அவ்வளவே. நாயுடு பஸ்ஸை ஓட்டியதும் கடிகாரத்தைப் பார்த்துதான்.

திருப்பூர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. இங்கே காற்றிலேயே பஞ்சு இருக்கிறது. நிட்டிங் கம்பெனி வாசலில் தினமும் நிற்கும் வண்டியின் ஏர் ஃபில்டரையும், ரேடியேட்டர் முன்பக்கத்தையும் பாருங்கள், மெல்லிசா ஒரு படலம் ஒட்டியிருக்கும். ஃபில்டர் அடைத்தால் எஞ்சின் மூச்சு முட்டும், மைலேஜ் குறையும். ரேடியேட்டர் அடைத்தால் சூடு ஏறி, ஹெட் கேஸ்கெட் வரைக்கும் போகும். மேனுவலில் எழுதியிருக்கும் கிலோமீட்டர், சுத்தமான ரோட்டில் ஓடும் வண்டிக்கானது. மேனுவல்லயே தூசி அதிகமுள்ள இடங்களுக்குத் தனியாக ஒரு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை.

பஸ்ஸோடு நிற்கவில்லை

கழற்றிப் பார்க்கும் குணம் நாயுடுவை எங்கெங்கோ கொண்டுபோனது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். கோவை மோட்டார், பம்புக்குப் பேர் வாங்கியதற்கு ஆரம்பம் அது. பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸர், பழச்சாறு பிழியும் மெஷின், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன்னு பட்டியல் நீளம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்பு படித்தவர் எஞ்சினியரிங் கல்லூரி முதல்வர்! இன்றைய ஜி.சி.டி.க்கு வேர் அதுதான். பட்டறையில் கைவைத்துக் கற்றால் இத்தனை வருடப் படிப்பு தேவையில்லை என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் வெளியேறிவிட்டார். அவர் சொன்னது முழுக்க சரின்னு எனக்குத் தோன்றவில்லை. அவரைப்போல ஆர்வம் உள்ளவருக்கு அது போதும், எல்லோரும் அப்படி இல்லையே. ஆனால் கார்பரேட்டரைத் தொடாமலே ஆட்டோமொபைல் டிகிரி வாங்கிய நண்பர்களைப் பார்க்கும்போது, அவர் பக்கம் கொஞ்சம் சாயத் தோணுது.

மனசுக்குக் கஷ்டமானது 1952. இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய்க்குத் தரத் தயாராக இருந்தார். தயாரிக்க அரசு லைசென்ஸ் கிடைக்கவில்லை. அந்தக் கார் ரோட்டுக்கு வந்திருந்தால் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும்? அதற்குப் பதில் நமக்குக் கிடைத்தது அம்பாசடர். அதையும் குறை சொல்ல முடியாது. 2014 வரை அது உற்பத்தியில் இருந்ததற்கு ஒரு காரணம், எந்த ஊர் மரத்தடி மெக்கானிக்கும் அதைத் திறந்து சரிபண்ண முடியும் என்பது.

1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் நாயுடு காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது, 2015 முதல் தனியாக ஒரு கார் மியூசியமும் உண்டு. அவர் வாங்கிய அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளும் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை கோவை போனால் கொஞ்சம் குனிந்து அதன் எஞ்சினைப் பாருங்கள். சிலிண்டர், பைப், நட்டு எல்லாமே வெளியே தெரியும், வா வந்து கழட்டுன்னு கூப்பிடுகிற மாதிரி.

என் காரின் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. ஏழு வருடமாக அதுதான் எஞ்சின்னு நினைத்திருந்தேன். நல்லூர் அண்ணன் அதைக் கையாலேயே நாலு இழுப்பு இழுத்துக் கழற்றிக் கீழே வைத்தார். பழைய ஆயிலை வடிய விட்டுவிட்டு, அன்றைய தேதியையும் ஓடோமீட்டர் கணக்கையும் ஒரு அட்டையில் எழுதி பானெட்டுக்கு உள்பக்கமா ஒட்டினார். அப்புறம் ஒரு பனியன் வேஸ்ட்டை என் கையில் கொடுத்து, மிச்சத்தை நீங்களே துடைங்கன்னு டீ குடிக்கப் போய்விட்டார்.