வௌவாலுக்குப் பெயர் வைத்தவர் முத்துச் சிப்பியை ஆராய்ந்தார்!

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு என்றால் ஊரே திரண்டுவிடும். ஆனால், 1830-ம் ஆண்டுக்குப் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. பாரில் சிப்பி இல்லை! எதிர்க்கரையான இலங்கையிலும் இதே கதிதான். அங்கே 1837-ல் நின்ற முத்துக்குளிப்பு, 1855-ல்தான் மீண்டும் நடந்தது.

சிப்பிகள் ஏன் மறைகின்றன? இதற்கு விடை தேடும் பொறுப்பு ஒரு டாக்டரிடம் வந்தது. அவர்தான் எட்வர்டு பிரெடரிக் கெலார்ட்.

இலங்கையின் மைந்தர்

கெலார்ட் 1819-ல் இலங்கையில் பிறந்தார். டச்சு வழி வந்த பறங்கியர் குடும்பம். எடின்பரோவில் மருத்துவம் படித்துப் படை மருத்துவர் ஆனார். ஜிப்ரால்டரில் வேலை பார்த்தபோது, அங்குள்ள செடிகொடிகளைப் பற்றி 1846-ல் ஒரு நூலே எழுதிவிட்டார்.

தாய்நாடு திரும்பியதும் அவர் பார்வை பிராணிகள் மீது சென்றது. பிடித்தவற்றைப் பதப்படுத்தினார், அளந்தார், குறித்தார். சந்தேகம் வந்தால் கல்கத்தா ஆசியக் கழகக் காட்சிசாலையில் இருந்த பிளைத் என்ற அறிஞருக்கு அனுப்புவார்.

குகைவாசி

1850-ல் கெலார்ட் ஒரு புதிய வௌவாலை உலகுக்கு அறிவித்தார். மூக்கின் மேல் இலை போன்ற மடிப்பு உடையது. பூச்சி தின்னும் இனம் என்றாலும் பெரியது. முன்கையே ஏழரை முதல் பத்து சென்டிமீட்டர் நீளம்! குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தொங்கும்.

இலங்கைத் தீவின் நினைவாக அதற்கு 'லங்காடிவா' என்று பெயரிட்டார். ஆனால், அது தீவுக்கு மட்டும் சொந்தமல்ல என்பது பிறகு தெரிந்தது. கர்நாடகம், மத்தியப் பிரதேசம், தொலைவில் மேகாலயம் வரை அந்த இனம் வாழ்கிறது.

நகரும் சிப்பி

முத்துச் சிப்பி ஆராய்ச்சியை 1857-ல் கெலார்ட் ஏற்றார். திருகோணமலையில் சிப்பிகளை வளர்த்து இரவுபகலாகக் கவனித்தார். பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிப்பி நகராது என்றே நமக்குத் தோன்றும். அப்படியல்ல! பிடித்திருக்கும் நூல்களைக் கழற்றிவிட்டு வேறிடம் போய், புது நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும் என்று அவர் கண்டார். அப்படியானால் சிப்பியை இடம் மாற்றியும் வளர்க்கலாம் அல்லவா? சிப்பிக்குள் புகும் சிறு புழுக்களுக்கும் முத்துக்கும் தொடர்பு உண்டு என்றும் அவர் கருதினார்.

வேலை முடியவில்லை. 1860-ல் இங்கிலாந்து செல்லும் வழியில் கப்பலிலேயே கெலார்ட் காலமானார். வயது நாற்பதுதான்!

சிப்பியை மனிதன் வளர்த்து முத்தெடுப்பது நம் நாட்டில் கைகூட நெடுங்காலம் ஆயிற்று. 1973-ல் அதைச் சாதித்தவர்கள் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார். சாதித்த இடம், முத்துக்காகக் காத்துக் கிடந்த அதே தூத்துக்குடி!

முத்தைத் தேடியவர் கரை சேரவில்லை. ஆனால், குகை இருட்டில் தொங்கும் அந்த வௌவாலின் பெயரை எந்த அறிஞர் முழுமையாக எழுதினாலும், பக்கத்தில் 'கெலார்ட், 1850' என்று இன்றும் சேர்த்தே எழுதுகிறார்.