வேர்முடிச்சைத் திறந்தவர்: பெய்ஜெரிங்க்

ரங்கூன் க்யிம்யிண்டைங்கில் பயறுக் கடை வைத்திருந்த என் தாத்தா, உளுந்து விளைந்த மண் அடுத்த பயிருக்குப் பலம் என்பார். காரணத்தைக் கண்டவரைப் பற்றி நான் பிற்பாடுதான் படித்தேன்.

மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் 1851-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தை புகையிலை வியாபாரத்தில் நொடித்துப்போனவர். டெல்ஃப்ட் நகர ஈஸ்ட் தொழிற்சாலையில் பணிபுரிந்தபோது, 1888-ல் பயறுச் செடிகளின் வேர்முடிச்சு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 1895-ல் டெல்ஃப்டிலேயே பேராசிரியரானார். மணம் செய்துகொள்ளவில்லை, மாணவர்களிடம் கடுமையானவர். 1901-ல், மண்ணில் தனித்து வாழ்ந்தபடியே காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் அசோடோபாக்டரை விவரித்தார். 1921-ல் ஓய்வு பெற்று, 1931 ஜனவரி முதல் நாள் மறைந்தார்.

ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கக் குறைந்தது 16 ஏடிபி செலவாகும். அசோடோபாக்டரோ சிக்கனமானது. நிஃப்-ஏ என்ற புரதம் அதற்கான மரபணுக்களை இயக்கும். அம்மோனியா போதுமான அளவு கிடைத்தாலோ, செல்லுக்குள் ஆக்சிஜன் மிகுந்தாலோ நிஃப்-எல் அதைப் பிடித்து நிறுத்தும். மென்பொருள் எழுதும் எனக்கு இது பழகிய நிபந்தனைதான்.

பெய்ஜெரிங்க் தம் குடுவையில் நைட்ரஜன் உப்பைச் சேர்க்காமல் விட்டார். அந்தப் பட்டினிதான் நிஃப்-எல்லின் பிடியைத் தளர்த்தியது. புரதங்களின் பெயர் தெரியாமலேயே சரியான விசையை அழுத்தியிருக்கிறார் மனிதர். தாத்தாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.