சட்டவாசகம் தேடிய அரசியல்வாதி

எமது அரசியலில் மேடையேறி முழங்கியவர்கள் நினைவுகூரப்படும் அளவுக்கு, மக்களின் கோரிக்கைகளைச் சட்டவாசகமாக்க உழைத்தவர்கள் நினைவுகூரப்படுவதில்லை. 1999 யூலை 29ஆம் திகதி கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்ட கலாநிதி நீலன் திருச்செல்வம் இத்தகையோரில் முதன்மையானவர். கால் நூற்றாண்டு கடந்த நிலையிலேனும் அன்னாரின் பணியை நிதானமாக எடைபோடுவது அவசியமென நாம் கருதுகின்றோம்.

1944இல் பிறந்த நீலன், 1965இல் அமைந்த டட்லி சேனநாயக்க அரசில் உள்ளூராட்சி அமைச்சராயிருந்த மு. திருச்செல்வத்தின் புதல்வர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கான ஜனாதிபதி ஆணைக்குழுவில் அவர் அங்கம் வகித்தார். அச்சபைகளுக்கான தேர்தல் 1981 யூனில் நடைபெற இருந்த தறுவாயிலேயே யாழ். பொது நூலகம் தீக்கிரையானது.

அடுத்த ஆண்டு அவர் முன்னின்று நிறுவிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம், பல்லின நாடுகள் அதிகாரத்தை எவ்வாறு பகிர்கின்றன என்பதை ஆராய்ந்தது. சிங்கள, தமிழ், முஸ்லிம் அறிஞர்கள் ஒரே மேசையில் அமர்ந்து விவாதித்த அரிய களம் அது.

1976இல் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தொகுதிக்கே, 1983இல் வெற்றிடம் நிரப்பும் நியமனத்தின் மூலம் அவர் பாராளுமன்ற உறுப்பினரானார். யூலைக் கலவரத்தை அடுத்து வந்த ஆறாவது திருத்தம் சில மாதங்களிலேயே அப்பதவியைப் பறித்தது. 1994இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேசியப் பட்டியல் மூலம் அவர் மீண்டும் சபைக்குச் சென்றார்.

அவருடைய ஆய்வும் அரசியலும் ஒன்றுகூடிய இடம், பேராசிரியர் ஜீ.எல். பீரிஸுடன் இணைந்து உழைத்த 1995ஆம் ஆண்டுத் தீர்வுப் பொதியாகும். இலங்கையைப் பிராந்தியங்களின் ஒன்றியமாக்க முனைந்த அந்த யோசனை, அடுத்தடுத்த வரைவுகளில் நலிவுற்று, 2000 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டும் நிறைவேறாது போனது. அதனைக் காண நீலன் உயிருடன் இருக்கவில்லை.

குடாநாட்டில் அவர்மீது விமர்சனங்கள் இருந்ததை மறைப்பதற்கில்லை. அவர் கொழும்பு வாசி, வாக்காளரை நேரில் சந்தித்து வென்றவரல்லர், போர் மக்களை வாட்டிய வேளையில் அரசுடன் ஒத்துழைத்தார் என்பன அவை. இவற்றை விவாதிக்கலாம்; ஆனால் வரைவை எழுதியவரைக் கொல்வது அதற்கான மறுமொழியாகாது. அக்கொலைக்கு விடுதலைப் புலிகள் மீதே பரவலாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. முந்திய ஆண்டில்தான் அதே கட்சியைச் சேர்ந்த யாழ். மாநகர முதல்வர்கள் சரோஜினி யோகேஸ்வரனும் பொன். சிவபாலனும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டிருந்தனர் என்பதும் நோக்கத்தக்கது.

2009இல் போர் முடிந்தது. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எமது தரப்பில் பேச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வாசகத்தையும் ஆராய்ந்து மாற்று வாசகத்தை முன்வைக்கும் நிறுவனங்களே அரிதாகவுள்ளன. அந்த வெற்றிடத்தை நிரப்ப எமது பல்கலைக்கழகமும் கட்சிகளும் முன்வருமாயின், அதுவே நீலனுக்குச் செலுத்தும் தக்க அஞ்சலியாகும்.